நான் மாவாக்கிய மண்

மகளே,

எந்த ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும் உன்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். குடும்பத்தில் யாருக்காவது மூச்சு இளைப்பு உண்டா என்று. அம்மாவோட அப்பாவுக்கு உண்டு என்று நீ யோசிக்காமல் சொல்வாய். அவர்களும் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அது முழு விடை இல்லை. மிச்ச விடை என்னிடம் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது உனக்கு நாலு வயது, எனக்கு முப்பத்திரண்டு. படிப்புக்கோ வேலைக்கோ கல்யாணத்துக்கோ நீ இந்த வீட்டை விட்டுப் பெட்டி கட்டுகிற நாளில் உன் அம்மா இதை உன் கையில் கொடுப்பாள். அன்றைக்கே எழுதிக்கொள்ளலாம்தான். ஆனால் எனக்குப் பொறுமை கிடையாது. அதைவிட முக்கியம், இருபது வருடம் போனால் எனக்குச் சாதகமாக நாலு விஷயத்தை மாற்றி எழுதிவிடுவேன். இதை ஒட்டி மூடி வைக்கப்போவதும் இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஊருக்கு முன்னால் ஒருமுறை சொன்னதுதான்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். கோயம்புத்தூரில் பம்பு செய்கிற கம்பெனியில் நாலு வருடம் இருந்துவிட்டு, மகாராஜபுரத்துக்கு மேற்கே நமக்கு இருக்கிற மூன்றரை ஏக்கர் செவல் காட்டை, செம்மண் நிலத்தைப் பார்க்கலாம் என்று திரும்பி வந்தேன். வந்ததும் டிராக்டர் வாங்கினேன், அதற்குப் பின்னால் மாட்ட ஒரு ரோட்டவேட்டர் வாங்கினேன். மற்றக் கலப்பை மண்ணைக் கிழிக்கும். ரோட்டவேட்டர் சுழலும் கத்திகளால் மண்ணை அரைக்கும். ஊரில் யார் மோட்டார் ரிப்பேரானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போய்ச் சரிசெய்வேன், செய்துவிட்டு, இப்படி ஓட்டினால் எரியாமல் என்ன செய்யும் என்று திட்டிவிட்டும் வருவேன். எனக்குத் தெரிந்த விஷயத்தில் அடுத்தவன் பேசினால் காதில் வாங்க மாட்டேன். இது குணம் இல்லை, குறை. இப்போது தெரிகிறது.

வறட்சி என்றால் உன் காலத்திலும் பாளம் பாளமாக வெடித்த வயலின் போட்டோவைத்தான் போடுவார்கள். வீட்டுக்குள் அது வேறு மாதிரி இருக்கும். இரண்டு ஐப்பசி தொடர்ந்து ஏமாற்றியதில் பிளவக்கல் அணைக்குள்ளேயே ஆடு மேய்ந்தது. நம் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரைப் போட்டால் ஐந்து நிமிடம் தண்ணீர், பிறகு காற்று, பிறகு சேற்று நாற்றம். தண்ணீர் லாரி மூன்று நாளுக்கு ஒருமுறை வரும். நீ குளித்த தண்ணீரை அம்மா வாளியில் பிடித்து வாசல் தென்னைக்கு ஊற்றுவாள். தென்னையோ மட்டைகளை மடக்கின குடை மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. காட்டில் வேலை இல்லாததால் பெண்கள் விடியும் முன்பே வரும் மில் வேனில் ராஜபாளையத்துக்கு ஏறினார்கள். உன் அம்மாவும் ஏறினாள். மாட்டுக்குத் தீவனம் இல்லாமல் வாழைமட்டையை அரிந்து போட்டோம். அது முதல் நாள் தின்றது, இரண்டாம் நாள் என்னைப் பார்த்தது.

இப்படி இருக்கும்போது சித்திரைக் கடைசியில் ஒரே ஒரு மழை பெய்தது. ஒரு மழைதான். ஊரே உழவுக்கு ஓடியது. நம் தெருவுக்கு நேர் மேற்கே மூன்று காடுகள் ஒட்டினாற்போல் கிடக்கின்றன. தெற்கே நம்முடையது, நடுவில் சவரிமுத்து அண்ணனுடையது, வடக்கே ரெங்கம்மாக்காவுடையது. ரெங்கம்மாக்கா வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். வழக்கமாக அவர்கள் ஒன்பது கொத்துக் கலப்பையை ஒரு ஓட்டு விட்டுவிட்டு, சோளத் தட்டையின் அடிக்கட்டையை அப்படியே நிற்க விட்டு, மண்ணைக் கட்டி கட்டியாகப் போட்டு வைப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும். சோம்பேறி உழவு என்பேன். இந்த வருடம் நானே மூன்று காட்டிலும் ரோட்டவேட்டரை இரண்டு ஓட்டு ஓட்டினேன். அடிக்கட்டை, வேர், கட்டி எல்லாம் அரைந்து போயிற்று. நிலம் சலித்த மாவு மாதிரிக் கிடந்தது. சவரி அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "பவுடர் போட்ட கேரம் போர்டு மாதிரில்லா இருக்கு!" என்று போனில் படம் எடுத்து மூன்று பேருக்கு அனுப்பினார். ரெங்கம்மாக்கா ஒரு காலை வைத்துப் பார்த்தாள். கணுக்கால் வரை உள்ளே போயிற்று.

"ஏமிரா இது! உழச் சொன்னா பல்பொடி அரைச்சு வச்சிருக்க. கட்டி எங்கலே?"

"கட்டி எதுக்குக்கா? வெதை போட்டா சீரா முளைக்கும் பாரு."

"வெதைக்கு மழை வரணும்லா. மழை வாரதுக்கு முந்தி காத்து வரும்லே. கட்டி கிடந்தாத்தான் மண்ணு கிடக்கும்."

"அதெல்லாம் மாட்டு ஏர் காலத்துப் பேச்சுக்கா."

"சரிப்பா இஞ்சினியரு. நாங்கள்லாம் மாடு, நீ மோட்டரு. நடத்து."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த மழை வரவில்லை. ஆனிக் கடைசியில் காற்று வந்தது. மலையின் இடைவெளியில் புகுந்து வருகிற ஆடிக் காற்று நமக்குப் புதிதில்லை; வருடா வருடம் வாழையைச் சாய்க்கும், கூரைத் தகரத்தைப் பெயர்க்கும். ஆனால் இந்த வருடம் காற்று வெறுங்கையோடு வரவில்லை. முதல் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்கே ஒரு சிவப்புச் சுவர் எழுந்து நடந்து வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் பட்டப்பகலில் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு நம் தெருமுனையில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் இறங்கவும் இல்லை, டிரைவர் எடுக்கவும் இல்லை. அதன் பிறகு அது தினசரி ஆயிற்று. சோற்றுப் பானையை மூடி, மூடியின் மேல் ஈரத்துணி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தட்டைக் கவிழ்த்து வைத்திருந்து பரிமாறும் நேரத்தில் நிமிர்த்துவோம். அப்படியும் மூன்றாவது வாயில் மண் கடிபடும். துவைத்த துணியைக் கட்டிலுக்கு அடியில் காயப்போட்டோம். காலையில் உன்னைத் தூக்கினால் பாயில் உன் தலை இருந்த இடம் மட்டும் வட்டமாகச் சுத்தமாக இருக்கும்.

உன் அம்மா ராஜபாளையம் பக்கத்துப் பெண். உன் தாத்தா பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறியில் முப்பது வருடம் நின்றவர்; அந்தப் பஞ்சுத் தூசியில்தான் அவருக்கு மூச்சு கெட்டது. அவர் வீட்டிலிருந்து, நெசவில் பிசிறு விழுந்து கழித்த பேண்டேஜ் துணிச் சுருள் ஒன்றை அவள் வாங்கி வந்தாள். சன்னலுக்கு நாலு மடிப்பு வைத்து ஆணி அடித்து, மில்லுக்குப் போவதை நிறுத்திவிட்டு மணிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்தாள். குடிக்கவே அளந்து குடிக்கிற தண்ணீர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சல்லடை ஓட்டை பெருசு, தூசியோட அளவு சின்னது, இது நிக்காது" என்றேன். ஈரத்தில் ஒட்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

அந்தத் துணியும் போதாத ஒரு நாள் வந்தது. உன் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போயிற்று. பைக்கில் அம்மா பின்னால் உட்கார்ந்து உன்னை ஈரச் சேலையில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நான் ஓட்டின ஓட்டத்தை இனி ஒருநாளும் ஓட்ட மாட்டேன். ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் நீ தெளிந்து, அந்த மாஸ்க்கை வீட்டுக்குக் கேட்டு அழுதாய். டாக்டர் அம்மா கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று. உன் அம்மா, எங்கப்பாவுக்கு உண்டு என்றாள். "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்மா. ஆனா கிளப்பி விடுறது தூசிதான். கொஞ்ச நாளைக்குத் தூசி இல்லாத இடத்துல வச்சுக்கோங்க" என்றார் டாக்டர். நம்மைப் பார்க்க வந்து கட்டில் பக்கத்தில் நின்ற என் அக்கா, உன் அத்தை, முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினாள்.

"அதான பாத்தேன். நம்ம வீட்ல யாருக்கு இருக்கு இந்த நோவு? அவிய வீட்டு வழி."

உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அடித்தேனா, திட்டினேனா? ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் ஒரு பெண்ணின் தலையில் எவ்வளவு பெரிய மூட்டையை ஏற்றலாம் என்பதை அன்றைக்குக் கற்றேன். ஒரு வாரத்தில் தெரு முழுக்க அதுதான் பேச்சு. பாவம் பிள்ளை, தாத்தா வழி.

நான் எனக்கென்று ஒரு காரணம் தேடிக்கொண்டேன். கோடையில் கண்மாய்க்குள் ஜேசிபி விட்டு வண்டல் அள்ளியிருந்தார்கள். அங்கே கிளறிப்போட்ட மண்தான் பறந்து வருகிறது என்று முடிவு கட்டி, காற்றின் திசைக்கு அம்புக்குறி போட்டுப் படமெல்லாம் வரைந்து, அதிகாரிக்கு மூன்று பக்கம் மனு எழுதினேன். எழுதியதைப் பெருமையாக உன் அம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன். நான் வாசித்து முடிக்கும் வரை அவள் கேட்டாள். பிறகு எழுந்து போய்ச் சன்னலில் இருந்த பேண்டேஜ் துணியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து என் முன்னால் விரித்தாள்.

"இது என்ன கலரு?"

"செவப்பு."

"கம்மாய் மண்ணு என்ன கலரு? நாந்தான பானை தேய்க்க அள்ளிட்டு வாரேன். சாம்பக் கலருலா."

அவள் துணியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற டிராக்டருக்குப் போனாள். ரோட்டவேட்டரின் மூடித் தகட்டில் அப்பியிருந்த புழுதியை விரலால் வழித்து, துணியின் சுத்தமான ஓரத்தில் தேய்த்தாள். தேய்த்த இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"மனுவ யாருக்கு அனுப்பணும்னு இப்பத் தெரியுதா?" என்றாள்.

படித்தவன் நான், மகளே. ஆய்வு செய்தவள் அவள்.

மறுநாள் அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் போனாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. "ஆடி முடியட்டும். இந்த மண்ணு அடங்கட்டும். பொறவு வாரேன்" என்றாள். பஸ்ஸில் ஒரு காலை வைத்தபின் திரும்பி, "ஒண்ணு மட்டும் கேக்கேன். உங்க அக்கா சொல்லும்போது ஏன் வாயத் தொறக்கல?" என்றாள். கண்டக்டர் விசில் அடித்துவிட்டான். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆனதைக் கணக்குப் போட்டேன். அரைத்த மண்ணைத் திரும்பக் கட்டியாக்க மழை வேண்டும். மழை இல்லையென்றால் கீழே அரைபடாமல் இறுகிக் கிடக்கிற மண்ணைப் பெயர்த்து மேலே கொண்டுவர வேண்டும். அதற்கு உளிக்கலப்பை என்று ஒன்று இருக்கிறது. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குத்தி மண்ணைப் பாளமாகப் பெயர்க்கும். காற்று மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. ஆகையால் உழவுச் சால்களைத் தெற்கு வடக்காக, குறுக்கே ஓட்ட வேண்டும். அப்போதுதான் உருண்டு வருகிற புழுதி ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து நிற்கும். இதுவரை எளிது. சிக்கல் எங்கே என்றால், மூன்று காடும் கிழக்கு மேற்காக ரிப்பன் மாதிரி நீளமானவை. அகலம் குறைவு. ஒரு காட்டுக்குள் மட்டும் குறுக்கே ஓட்டினால் டிராக்டர் போகிற நேரத்தைவிடத் திரும்புகிற நேரம் அதிகம், திரும்புகிற இடத்திலெல்லாம் மண் மறுபடி பொடியாகும். மூன்றையும் சேர்த்து ஒரே ஓட்டாக ஓட்ட வேண்டும். அதற்கு நடுவில் இருக்கிற இரண்டு வரப்பையும் வெட்டிச் சாய்க்க வேண்டும்.

வரப்பு என்றால் உனக்கு மண் திட்டு. இங்கே அது மானம். அந்த இரண்டில் தெற்கு வரப்பு ஒரு சாண் நகர்ந்தது என்று சவரி அண்ணனும் என் அப்பாவும் ஏழு வருடம் பேசாமல் இருந்தவர்கள். அப்பா போன பிறகுதான் பேச்சு திரும்பியது. அவரிடம் போய் நின்றேன். தொழுவில் மாட்டின் கண்ணை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வரப்ப வெட்டணுமா? எதுக்குலே?"

"தூசிய நிப்பாட்டண்ணே. பாப்பாவுக்கு மூச்சு..."

"அது அவிய தாத்தா வழில்லா? ஊருக்கே தெரியும். அதுக்கு எங்க வரப்பு என்ன செய்யும்? மருந்தக் குடு, சரியாப் போகும்."

நான் வாயை மூடிக்கொண்டு விட்ட பொய், சுற்றி வந்து என் வழியை மறித்துக்கொண்டு நின்றது. அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். சொல்லவில்லை. சரிண்ணே என்று வந்துவிட்டேன். அதற்கப்புறம் மூன்று நாள் காற்று அடித்தது, மூன்று நாளும் நம் காடு நம் வீட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காலை உன் அம்மாவிடம் போனில் பேசினேன். பாப்பா எப்படி இருக்கா என்றேன். அவள் நன்றாக இருக்கிறாள், எங்கப்பாதான் சரியில்லை என்றாள்.

"ஏன், இளைப்பு கூடிருச்சா?"

"வீட்டுக்குள்ளயே வர மாட்டேங்காக. வெளிய தாழ்வாரத்துல படுத்துக்கிடுதாக. எம் மூச்சு புள்ளைக்கு ஒட்டிருச்சு, இனியும் ஒட்ட வேண்டாம்னு. அவ 'தாத்தா'ன்னு ஓடுனா எந்திரிச்சுத் தெருவுக்குப் போயிருதாக."

போனை வைத்துவிட்டேன். அன்றைக்குத் தண்ணீர் லாரி வருகிற நாள். நேரே அங்கே போனேன். தெருவே குடத்தோடு நின்றது. என் அக்கா நின்றாள், சவரி அண்ணன் நின்றார், ரெங்கம்மாக்கா வரிசையில் ஆறு குடம் போட்டு ஒரு குடத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு மேடைப் பேச்சு வராது. சத்தமாகச் சொன்னேன். "எல்லாரும் கேளுங்க. எம் பிள்ளைக்கு வந்தது அவ தாத்தா வழின்னு பேசுதிய. அவரால இல்ல. நான் ரோட்டவேட்டர் ஓட்டி மூணு காட்டையும் மாவாக்கிட்டேன். அந்த மண்ணுதான் அவ நெஞ்சக் கிளப்பிவிட்டது. ஆஸ்பத்திரியிலயே டாக்டர் தூசின்னுதான் சொன்னாக. எனக்குத் தெரியும். தெரிஞ்சே சும்மா இருந்தேன்."

யாரோ குடத்தை மாற்ற மறந்து தண்ணீர் வழிய, "ஏட்டி, தண்ணி!" என்று நாலு பேர் கத்தினார்கள். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டாள். ரெங்கம்மாக்கா எழுந்தாள்.

"இதச் சொல்ல உனக்கு இம்புட்டு நாளா? நான் அன்னைக்கே சொன்னேன், பல்பொடின்னு."

"சொன்னக்கா. கேக்கல."

"இப்பமாச்சும் காது தொறந்துச்சே. அதுக்குள்ளயும் மண்ணு போயிருக்கும்னு நெனச்சேன்."

சிலர் சிரித்தார்கள். சவரி அண்ணன் சிரிக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஏலே, அப்ப எங்க வீட்டுக்காரி பத்து நாளா இருமுதாளே, அதுவும் இதுதானா?"

"அத டாக்டர்தாண்ணே சொல்லணும். ஆனா அவிய நெஞ்சுக்குள்ள போறது நம்ம மூணு காடும்தான்."

அவர் தன் போனில் இருந்த அந்தக் கேரம் போர்டு படத்தை யாருக்கெல்லாம் அனுப்பினோம் என்று யோசித்திருக்க வேண்டும். முகம் அப்படிப் போயிற்று. பிறகு சொன்னார்: "வரப்ப வெட்டு. வெட்டுறதுக்கு முந்தி ரெண்டு முனையிலயும் கல்லு ஊணு. நான் பாத்துச் சரின்னு சொன்ன பொறவு வெட்டு. மழை பேஞ்சதும் நீதான் திரும்பக் கட்டித் தரணும். மண்வெட்டி பிடிச்சுக் கட்டணும். மிசினு விட்டே, தொலைச்சுப்புடுவேன்."

"எங்க வரப்பையும் சேத்துத்தான்," என்றாள் ரெங்கம்மாக்கா. "இஞ்சினியரு உள்ளங்கையில கொப்புளம் நான் பாக்கணும்."

உளிக்கலப்பையை வாடகைக்கு எடுத்து மூன்று நாள் ஓட்டினேன். டிராக்டர் திணறியது. அடியில் இறுகிய செவல் தேங்காய் தேங்காயாகப் பெயர்ந்து வந்து விழுந்தது. சவரி அண்ணன் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்து கல்லுக்குக் கல் கயிறு பிடித்தார். ஓட்டி முடித்த நிலத்தைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது, அவ்வளவு கோரம். நாலாம் நாள் காற்று வந்தது. தூசி நின்றுவிட்டது என்று எழுதினால் அது அடுத்த பொய். நிற்கவில்லை. குறைந்தது. புழுதி எழும்பி, பத்தடி ஓடி, பள்ளத்தில் விழுந்தது, எழும்பியது, விழுந்தது. பஸ் வந்தபோது முன்விளக்கு எரியவில்லை. தெரு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தெரிந்தது.

அதன் பிறகுதான் ராஜபாளையம் போனேன். உன் தாத்தா தாழ்வாரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். "வாங்க மாப்ள" என்று நகர்ந்து இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

"மாமா, பாப்பாவுக்கு வந்தது உங்களால இல்ல. என் வேலையால." எல்லாவற்றையும் சொன்னேன்.

"நெசமாவா சொல்லுதிய?"

"உங்க வழில ஒரு பங்கு இருக்கலாம் மாமா, டாக்டரே அப்படித்தான் சொன்னாக. ஆனா இது ஒட்டுற நோவு இல்ல. நீங்க பக்கத்துல படுத்தா அவளுக்கு வராது. அது மட்டும் நூத்துக்கு நூறு."

அவர் வெகுநேரம் இருமினார். இருமி முடித்து, "இத ஒரு மாசத்துக்கு முந்தி சொல்லியிருந்தா என்ன மாப்ள?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் தெரிந்துகொள்ளக் கேட்டார். உன் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். "தண்ணி லாரிகிட்ட சொன்னத ரெங்கம்மாக்கா அன்னைக்கே போன்ல சொல்லிட்டாக. நீங்க இங்க வந்து உங்க வாயால சொல்லுதியளான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு உடனே, "சரி, அடுத்த வருசம் என்ன செய்யப் போறிய?" என்றாள். அவள் கேள்விகள் அப்படித்தான், அழுவதற்கு இடம் வைக்காது.

என்ன செய்யப்போகிறேன் என்பதை உனக்கும் எழுதி வைக்கிறேன், பிற்பாடு நீ சரிபார்த்துக்கொள்ளலாம். மழை விழுந்து நிலம் நனையாமல் ரோட்டவேட்டரை மாட்ட மாட்டேன். சோளத் தட்டையின் அடிக்கட்டையை முழங்கால் உயரம் விட்டுத்தான் அறுப்போம். மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். காட்டின் மேற்கு ஓரத்தில் அகத்தியும் வேம்பும் நெருக்கி வைப்பேன், குளித்த தண்ணீர் இனி அதற்கும் போகும். அதெல்லாம் வளர்கிற வரை, ஆனியும் ஆடியும் நீ ராஜபாளையத்தில் இருப்பாய், நான் வாரத்துக்கு இரண்டு தடவை வருவேன். உனக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது, அப்படித்தான் இருக்கும். இந்த நிலத்தை நீ பார்க்க வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. விற்கலாம், விடலாம், உன் இஷ்டம். நீயும் ஒருநாள் உனக்கு நன்றாகத் தெரிந்த வேலையிலேயே பெரிய தப்பு ஒன்றைச் செய்வாய். தெரியாத வேலையில் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. செய்தால், உன் இடத்தில் வேறு யார் அதைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள் என்று முதலில் பார். மனு எழுதுவது அப்புறம். இதற்கு மேல் அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆவணியில் காற்று தணிந்ததும் நீங்கள் வந்தீர்கள். உன் தாத்தாவும் வந்தார், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு. வந்த அன்றைக்கே அந்தக் காட்டைக் காட்டுங்க என்றார். பத்தடி நடப்பதற்குள் இரண்டு தடவை தடுமாறினார்.

"என்ன மாப்ள, இது உழவா, கல்குவாரியா? மனுசன் நடக்க முடியலயே."

"நடக்க முடியாம இருக்கணும்னுதான் மாமா உழுதது."

நீ அவர் தோளிலிருந்து இறங்க வேண்டும் என்று அடம் பிடித்தாய். இறக்கிவிட்டார். உன் தலை அளவுக்கு இருந்த ஒரு மண்கட்டியின் மேல் ஏறி நின்று குதித்தாய். மிதித்தாய். அது அசையவில்லை. சின்னதாக ஒன்றைப் பொறுக்கி ஓங்கி எறிந்தாய். உருண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது, உடையவில்லை. ஓடிப்போய் எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாய்.

"அப்பா, உடைச்சுத் தா."

"மாட்டேன்" என்றேன்.

உன் அப்பா,
மேற்குக் காட்டிலிருந்து